நில்லு அத்தையின் கயிறு

அந்த ஊருக்கு மரியாதை என்பது ஒரு வியாதி மாதிரி. வாசலுக்கு ஒருத்தர் வந்துவிட்டால் "என்ன விஷயம்?" என்று கேட்கவே கூடாது. அவராக வாய் திறக்கும்வரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சுக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் வெயில் தரையைத் தொடாத காடு, முன்னால் ஆறு, வருஷம் பூராவும் மழை. நேற்றைய மழை, இன்றைய மழை, நாளைக்கு வரப்போகிற மழை என்று ஒரு விருந்தாளியை நாள் முழுக்க ஓட்டலாம்.

இந்த வியாதி முற்றிப்போய்த்தான் ஒருமுறை மரம் வெட்டுகிற கும்பல் ஒன்று படகில் வந்து இறங்கி, தண்ணீர் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, ஊருக்குப் பின்னால் ஊற்றங்கரைக் காட்டுக்குள் நுழைந்து, ஊற்றுக்கு நிழலாக நின்ற மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனது. போகும்போது கையை வேறு ஆட்டியது. கரையில் நின்ற ஊரும் பதிலுக்குக் கையை ஆட்டியது. ஊர்ப் படகுக்காரரும் ஆட்டினார். கும்பல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், "ஆமா, அவங்க எதுக்கு வந்தாங்க?" என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் ஊற்று பாதியாக வற்றியது. அப்போதுதான் ஊர்க்கூட்டம் கூடியது.

அந்த ஊர்க்கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓலைக்கூரை போட்ட நீளக் கொட்டகை. ஆணும் பெண்ணும் வட்டமாகத் தரையில் உட்கார்வார்கள். தலைவர் என்று ஒருத்தர் உண்டு. ஆனால் தலைவர் சொன்னால் ஆயிற்று என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வாயிலிருந்தும் "சரி" வந்து வட்டம் சுற்றி முடிய வேண்டும். ஒரே ஒருத்தர் "இல்ல" என்றாலும் காரியம் அங்கேயே நிற்கும். அவர் மனசு மாறும்வரை, அல்லது மற்றவர்கள் மனசு மாறும்வரை, யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஊரின் பல நல்ல முடிவுகளில் முதுகுவலிக்கும் பங்குண்டு.

அன்றைய முடிவு இது: ஊர் மொத்தமும் மரியாதையாகவே இருக்கட்டும். ஊருக்காக ஒரே ஒருத்தர் மட்டும் மரியாதை கெட்டவராக இருக்கட்டும். படகுத்துறையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்கட்டும்.

யார் அது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். படகுக்காரரும் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது, ஊரே அவருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர் பெண்டாட்டி.

"நானா? நான் என்ன அவ்வளவு மோசமானவளா?" என்றாள் அவள்.

'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. பொய் சொல்வதும் மரியாதைக் குறைவுதானே.

தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். "தங்கச்சி, உன்னாலதான் முடியும்னு..." என்று இழுத்தார். சின்ன வயசில் அவள் கடித்த தழும்பு அவர் முழங்கையில் இன்னும் இருந்தது. வட்டம் சுற்றி வந்த "சரி"களிலேயே வேகமானது அன்றைக்கு வந்ததுதான்.

இப்படித்தான் அத்தை வேலைக்கு வந்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆற்றின் குறுக்கே ஒரு வடக்கயிறு கட்டினாள். அதில் காலித் தகர டப்பாக்களைத் தொங்கவிட்டாள். படகு வந்து கயிற்றில் முட்டினால் பாத்திரக்கடை சரிந்தது போல ஒரு சத்தம். உடனே கரையிலிருந்து "நில்லு!" என்று ஒரு குரல். டப்பா சத்தத்துக்குப் பறக்காத கொக்கு அந்தக் குரலுக்குப் பறக்கும். ஊர்ப் பிள்ளைகள் 'நில்லு அத்தை' என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை.

மூன்று கேள்வி. யாரு? எதுக்கு? படகுல என்ன? உள்ளே வந்தாலும் இதுதான், வெளியே போனாலும் இதுதான். பதில் திருப்தியாக இருந்தால் கயிறு தண்ணீருக்குள் இறங்கும். இல்லாவிட்டால் ஊர்க்கூட்டம் கூடிச் "சரி" சொல்லும்வரை படகு அங்கேயே மிதக்க வேண்டும். கயிறு கையில் இருக்கும்போது அத்தைக்கு உலகத்தில் எல்லாரும் 'நீ'தான். புருஷனுக்கும் தள்ளுபடி கிடையாது.

"யாரு நீ?"

"உன் புருஷன்."

"எதுக்கு வந்தே?"

"பசிக்குது, சாப்பிட வந்தேன்."

"படகுல என்ன?"

"மீன்."

"தூக்கிக் காட்டு."

காட்டினால்தான் கயிறு இறங்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதே வாய், "ஏங்க, இவ்வளவு நேரமா? ஆறிப்போச்சு பாருங்க" என்று கேட்கும்.

"வழியில எவளோ ஒருத்தி நிறுத்திட்டா."

"யாரு அந்தக் கொழுப்பெடுத்தவ?" என்றபடி அவள் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைப்பாள்.

அதற்குப் பிறகு ஒரு மரம்கூட ஆற்றில் போகவில்லை. ஆனால் வேறு சில விஷயங்கள் நடந்தன. நகரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தாள். மரக் கம்பெனி ஒன்று ஊற்றங்கரைக் காட்டை அப்படியே குத்தகைக்குக் கேட்டிருப்பதாகவும், அந்தக் காடு ஊருக்குத்தான் சொந்தம், ஊர்க்கூட்டம்தான் அதை ஆள்கிறது என்று தான் வழக்குப் போடப்போவதாகவும் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஆனால் கயிற்றில் முட்டியதும், "உதவி செய்ய வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

"வர்றவங்க எல்லாம் அதான் சொல்றாங்க. என்ன வேலைன்னு சொல்லு."

"இல்லம்மா, உங்களுக்குத் துணையா நிக்க..."

"அப்ப நில்லு."

கொட்டுகிற மழையில் வக்கீலம்மா படகில் உட்கார்ந்து முழு வழக்கையும் தொண்டை கிழியக் கத்தி விளக்கினாள். நீதிமன்றத்தில்கூட அவ்வளவு நன்றாக வாதாடியதில்லை என்று பிறகு அவளே சொன்னாள். அவள் நல்ல மனுஷி, சிரித்துவிட்டாள். நிலம் அளக்க வந்த அரசாங்க ஆள் சிரிக்கவில்லை. "என்னையா நிறுத்தறே?" என்று படகைத் திருப்பிக்கொண்டு போனவர் போனவர்தான். அந்த வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனது.

இந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது. வழக்கை முடிக்க நிலத்துறை அதிகாரி நேரில் வரப்போகிறார். காட்டை ஊர்தான் ஆள்கிறதா என்று தன் கண்ணால் பார்ப்பார். ஆம் என்று எழுதினால் காடு ஊருக்கு. இல்லை என்று எழுதினால் கம்பெனிக்கு.

அத்தை துறையில் இருந்த நேரமாகப் பார்த்துக் கூட்டம் கூடியது.

"என் தங்கச்சிதான், இல்லேங்கல," என்றார் தலைவர். "ஆனா அதிகாரியையும் 'நீ யாரு'ன்னு கேட்டா என்ன ஆகும்? வேலையை விட்டுத் தூக்க வேணாம். அன்னிக்கு ஒரு நாள், அவளைச் சின்னத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி வெச்சிருவோம். சின்னவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி."

"சரி" வட்டம் சுற்றி வந்து படகுக்காரரிடம் நின்றது.

"இல்ல," என்றார் படகுக்காரர்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவர்கள் மரியாதையாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். சம்மணம் போட்ட கால் முதலில் குறுகுறுத்தது, பிறகு எரிந்தது, பிறகு அது யாருடைய கால் என்றே தெரியாமல் போனது. "மச்சான், ஊர் நல்லதுக்குத்தானே?" என்று தலைவர் மெல்லக் கேட்டபோது அவர் வாய் "சரி" என்றது. சேதியைப் போய்ச் சொல்வது யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் மறுபடி தரையைப் பார்த்தார்கள்.

படகுக்காரர் போய்ச் சொன்னதை அத்தை அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "சின்னவ நேத்து காலைல நல்லாத்தானே இருந்தா. கூட்டம் போட்டீங்களா?"

"சும்மா... மழையைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"நீங்களும் சரின்னீங்களா?"

"கால் மரத்துப் போச்சு."

"கால் மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். ஊரையே அதட்டுகிற வாய் அன்றைக்கு மூடிக் கிடந்தது. படகுக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவரே அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் மடியில் பெரிய மூட்டை ஒன்று இருந்தது. படகு ஆடும்போதெல்லாம் அது கலகலவென்றது.

"என்ன அது?"

"கயிறு. துணி காயப்போட."

"டப்பாவோடயா?"

"காக்கா வரும்ல."

அவர் துடுப்புப் போட்டார். ஆறு கீழ்ப்பக்கம் வளைந்து இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகுகிற இடத்தில் கொழுந்தியாள் வீடு. கோடாலியை ஓங்கி விறகு பிளந்துகொண்டிருந்த கொழுந்தியாள், படகைப் பார்த்ததும் ஞாபகம் வந்து கோடாலியைக் கீழே போட்டுவிட்டு இருமினாள்.

அதிகாரி வரும் நாள் வந்தது. அவர் ஆற்றுவழியாக வரவில்லை. கம்பெனி மேனேஜரின் ஜீப்பில் பழைய மரச்சாலை முடிகிற இடம்வரை வந்து, காட்டுவழியாக நடந்து வந்தார். புது பூட்ஸ், பெரிய குடை. பின்னால் பிஸ்கட் டின்னும் தோள்பையுமாக மேனேஜர். அவருக்கும் பின்னால், சேற்றில் செருப்பைத் தேடிக்கொண்டு வக்கீலம்மா.

ஊர் தன் மரியாதை முழுவதையும் எடுத்து விரித்தது. உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மழை நன்றாகப் பெய்கிறது என்றார்கள். ஆமாம் என்றார் அதிகாரி. பூட்ஸுக்குள் தண்ணீர் இருந்ததால் அவருக்கு அதில் சந்தேகமில்லை.

"சரி, வெளியாள் யாராவது இந்தக் காட்டுக்குள்ள வரணும்னா யாரைக் கேக்கணும்?" என்றார் அவர்.

தலைவர் பூரித்துப்போனார். "யாரைங்க கேக்கணும்? உங்க வீடு மாதிரி நெனச்சிக்கிட்டு எப்ப வேணா வாங்க!"

வக்கீலம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கேட்டதற்குக் கொசு என்றாள்.

"நான் சொன்னேன்ல சார்," என்று மேனேஜர் உருகினார். "தங்கமான ஜனங்க. ஆனா காட்டுக்குன்னு கேள்வி கேக்க ஆள் கிடையாது." சாப்பிட்டு முடித்ததும், "காத்து வாங்கிட்டு வரேன்" என்று அவர் தோள்பையோடு ஊற்றங்கரைப் பக்கம் போனார். காற்று வாங்கப் பை எதற்கு என்று படகுக்காரருக்குத் தோன்றியது. கேட்பது மரியாதையில்லை.

திரும்பும் நேரம் மழை வலுத்துக் காட்டுவழி சேறாகிவிட்டது. ஜீப்பை டிரைவர் சுற்றிக் கொண்டுவரட்டும், அதிகாரியைப் படகிலேயே கீழே நகரம்வரை விட்டுவிடலாம் என்றார் தலைவர். ஊரே ஆகா என்றது. வருகிற வழியில் அத்தை இருக்கக் கூடாது என்று அவ்வளவு யோசித்த ஊர், போகிற வழியை யோசிக்கவே இல்லை.

படகுக்காரருக்குச் சுருக்கென்றது. "மச்சான், கீழ..." என்று வாயைத் திறந்தார்.

அப்போது அதிகாரி வக்கீலம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "மேடம், நல்ல ஊர்தான். ஆனா கண்ணால பாத்ததைத்தானே நான் எழுத முடியும்? காட்டுக்குள்ள அவ்வளவு தூரம் வந்தோம், ஏன் வந்தேன்னு ஒரு ஆள் கேக்கல. இதை ஆள்றது யாருன்னு கேட்டா நான் யாரைக் காட்டுவேன்?"

படகுக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"என்ன மச்சான், கீழ என்ன?" என்றார் தலைவர்.

"கீழ... மழை ஜாஸ்தின்னேன்," என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் துடுப்புப் போட்டதே இல்லை. "மெதுவாய்யா!" என்று மேனேஜர் மடியில் பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். வளைவு திரும்பியது. பாறைகள் தெரிந்தன. பாத்திரக்கடை சரிந்தது.

"நில்லு!"

அதிகாரியின் குடை ஆற்றில் விழுந்தது. கரையில் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். பக்கத்தில் படுக்கையில் இருக்க வேண்டிய கொழுந்தியாள் கோடாலியோடு நின்றாள்.

"யாரு?"

"நான் நிலத்துறை அதிகாரிம்மா."

"எதுக்கு வந்தே?"

அதிகாரி மிதந்துபோகும் குடையை ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் காட்டை யார் ஆள்றாங்கன்னு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

"அது... இன்னும் முழுசா..."

"படகுல என்ன?"

"ஒண்ணுமில்ல," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். தோள்பையைக் காலுக்கு நடுவே தள்ளிய விரல்கள் சிவப்பாக இருந்தன.

"பையைத் தூக்கிக் காட்டு. உன்னைத்தான், பிஸ்கட்டு."

பைக்குள் மூடி சரியாக மூடாத சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு தூரிகையும் இருந்தன. வெட்டப்போகிற மரத்துக்குத்தான் சிவப்பு வளையம் போடுவார்கள். அது அதிகாரிக்கும் தெரியும். குத்தகை இன்னும் கைக்கு வரவில்லை என்பதும் தெரியும். அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் மழையைப் பார்த்தார். ஊர் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டிருந்தது.

"ஊர் கூடிப் பேசாம இந்தப் படகு நகராது," என்றாள் அத்தை.

ஊரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "ஐயோ, கீழ தங்கச்சி!" என்று தலைவருக்கு மண்டையில் உறைத்து, இருந்த படகிலெல்லாம் ஏறி ஊரே மன்னிப்புக் கேட்க வந்துகொண்டிருந்தது. வந்து இறங்கியதும் தலைவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "சார், தெரியாம பண்ணிட்டா சார். தங்கச்சி, கயிறை விடும்மா."

"ஏண்ணே விடணும்? ஊர் கூடிக் குடுத்த வேலை இது. ஊர் கூடி எடுத்துக்குங்க, இப்பவே அவுத்துடறேன். உக்காருங்க எல்லாரும்."

ஈரப்பாறை மேலேயே வட்டம் உட்கார்ந்தது. அத்தையின் முகம் கல் மாதிரி இருந்தது. கயிற்றை அவள் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டதைப் படகுக்காரர் பார்த்தார். அத்தையை வேலையிலிருந்து எடுக்கலாமா என்று தலைவர் கேட்டார். "சரி" ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சுற்றி வந்து படகுக்காரரிடம் நின்றது.

"இல்ல," என்றார் அவர்.

"மச்சான், அதிகாரி காத்திருக்கார்..."

"காத்திருக்கட்டும். காலு மரத்தாலும் சரி, கழண்டு விழுந்தாலும் சரி. ஊருக்காக ஒருத்தியைக் கெட்டவளாக்கினோம். நம்ம மானம் போகுதுன்னதும் அவளை ஒளிச்சு வெச்சோம். மழையைப் பத்திப் பேசறவங்க பேசுங்க. நான் எந்திரிக்கப்போறதில்ல."

யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. படகிலிருந்து அதிகாரி, "இப்ப என்ன நடக்குது?" என்று வக்கீலம்மாவிடம் கிசுகிசுத்தார்.

"அரசாங்கம் நடக்குது சார்," என்றாள் அவள்.

அதிகாரி நெளிந்தார். காலையிலிருந்து ஆளாளுக்குக் கொடுத்த தண்ணீர் வேலையைக் காட்டியது. கடைசியில் வகுப்பறையில் மாதிரி ஒரு விரலைத் தூக்கி, "அம்மா, நான் கொஞ்சம் கரையேறிக்கலாமா? அவசரம்" என்று கேட்டார். அத்தை வட்டத்தைப் பார்த்தாள். இருபக்கமும் "சரி, சரி, சரி" என்று ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. படகுக்காரரும் தயங்காமல் "சரி" என்றார். "அந்தப் பாறைக்கு அப்பால. இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணி," என்றாள் அத்தை. அவர் ஓடினார்.

திரும்பி வரும்போது வட்டம் உருகியிருந்தது. ஊற்றங்கரை மரங்களில் சிவப்பு வளையம் என்ற சேதி இதற்குள் எல்லார் காதிலும் ஏறியிருந்தது. முதலில் "சரி" சொன்ன கிழவர், "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். ஆளுக்கு ஆள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகத் தலைவரும், முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, வாங்கிக்கொண்டார். அடுத்த முடிவுக்கு நேரம் ஆகவில்லை: வளையம் போட்டவரே, பெயின்ட் காய்வதற்குள், அதை அழிக்க வேண்டும்.

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். "சார்?"

"என்னை ஏன் பாக்கறீங்க? அங்க கேளுங்க."

மேனேஜர் அத்தையைப் பார்த்தார். அத்தை ஒரு கைப்பிடி தேங்காய் நாரையும் வாளி நிறைய மணலையும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு, "எந்த மரத்திலேர்ந்து ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்டார்.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது அப்போதுதான்.

காடு ஊருக்குத்தான் என்ற தீர்ப்பு வர அதற்குப் பிறகும் பல மழை ஆனது. சேதியை வக்கீலம்மாவே கொண்டு வந்தாள். துறையில் கயிற்றில் முட்டி, "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினாள். "அது இருக்கட்டும், படகுல என்ன?" என்று கேட்டாள் அத்தை. இனிப்புப் பெட்டி என்றதும் தூக்கிக் காட்டச் சொன்னாள். அப்புறம் கயிற்றைக் கரையில் கட்டிவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஜலதோஷம் என்றாள். அந்த ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அதிகாரியை நகரத்தில் விட்டுவிட்டுப் படகுக்காரர் தனியாகத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. அத்தை ஊர்த்துறைக்கு வந்துவிட்டிருந்தாள். கயிறும் வந்துவிட்டிருந்தது. டப்பாக்கள் கலகலத்தன.

"யாரு நீ?"

"கால் மரத்துப் போனவன்."

"எதுக்கு வந்தே?"

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பசிக்குது," என்றார்.

மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கயிறு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது.

"வாங்க. ஆறிப்போகுது," என்றாள் அவள், கயிற்றைக் கையில் பிடித்தபடியே.